கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறது!

மைசூர்-

தண்ணீரும் மின்சாரமும் ஒன்று சேரக்கூடாது. "ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே" என்று சின்னக் குழந்தைக்கே சொல்லி வளர்க்கிறோம்.

ஆனால் மின்சாரம் பாயும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பம்பு. ஒரு சிறு தொட்டி. குழாய்கள். மோட்டார் வண்டியில் இருப்பதுபோல ஒரு ரேடியேட்டர். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவது தெரியும்.

கல்லூரிக்குப் போகும் பையன்கள் பலருக்கு இன்று இதுதான் கனவு. வீடியோ விளையாட்டு ஆடுவதற்குத் தண்ணீர்க் குளிர்ச்சியுள்ள ஒரு கம்ப்யூட்டர்! அதைக் கடையில் வாங்காமல் தன் கையாலேயே கட்ட வேண்டும்!

விலையைக் கேட்டதும் தகப்பனாருக்குத் தலை சுற்றுகிறது. லட்சம் ரூபாய் என்கிறான் பையன். மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்?

ஒரே நாளில் வாங்க நினைத்தால் அது முடியாத காரியம். ஆனால் இந்தக் கம்ப்யூட்டரை வீடு கட்டுவதுபோல் கட்டலாம். முதலில் அஸ்திவாரம், பிறகு சுவர், கையில் பணம் சேர்ந்த பிறகு மாடி. வரிசை தவறாமல் கட்டினால் வாங்கிய எந்தப் பொருளும் வீணாகாது. வரிசை தவறினால் ஒரே சாமானை இரண்டு முறை வாங்க நேரிடும்.

அந்த வரிசை என்ன? அதில் தண்ணீரின் இடம் எது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகவே வெளியே வருகிறது.

1993-ல் இன்டெல் கம்பெனியின் முதல் பென்டியம் பிராசசர் வந்தது. அது சுமார் 15 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டது. ஒரு சிறு குண்டு பல்பின் அளவு. 2023-ல் வந்த அதே கம்பெனியின் 'கோர் ஐ-9 14900 கே' பிராசசர் முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும்.

விளையாட்டுப் படங்களைத் திரையில் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் கார்டு. 2025-ல் என்விடியா கம்பெனி வெளியிட்ட 'ஆர்.டி.எக்ஸ். 5090' கார்டுக்கு மட்டும் 575 வாட் வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் 800 வாட்டுக்கு மேல் ஆகிறது. அது ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு! இஸ்திரிப் பெட்டியில் சூடு அடிப்பலகை முழுவதும் பரவி நிற்கிறது. கம்ப்யூட்டரிலோ இரண்டு சிறிய சில்லுகளில் குவிந்து நிற்கிறது.

சூட்டை உடனே வெளியேற்றாவிட்டால் என்ன ஆகும்? எரிந்து போகாது. 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த விலைக்கு உரிய வேகம் கிடைக்காது. அவ்வளவுதான். அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும்.

காற்றா? தண்ணீரா?

சூட்டை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று காற்று. சில்லின் மேல் உலோகத் தகடுகளை அடுக்கி, விசிறியால் ஊதுவது. நூற்றுக்குத் தொண்ணூறு கம்ப்யூட்டர்களுக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு ஒன்றே கால் ஜூல்கூட வேண்டாம். அதாவது, ஒரே அளவு இடத்தில் காற்று சுமக்கும் சூட்டைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைத் தண்ணீர் சுமந்து செல்லும்.

ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. டீசல் என்ஜினில் இதே வேலைதான் நடக்கிறது. என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்குகிறது. ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே பெரிய விசிறி அந்தச் சூட்டை வெளிக்காற்றில் தள்ளுகிறது. ஆறிய தண்ணீர் மறுபடி என்ஜினுக்கு வருகிறது. கம்ப்யூட்டரில் என்ஜினுக்குப் பதில் சில்லு. மற்றதெல்லாம் ஒன்றே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சூட்டை ஒழிப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து போகிறது. கடைசியில் சூடு வந்து சேர்வது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே அறைக்குத்தான்!

"தண்ணீர்க் கம்ப்யூட்டர் வைத்தால் அறை குளுகுளு என்று இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறை 34 டிகிரி இருந்தால், குழாயில் ஓடும் தண்ணீர் அதற்கும் மேலேதான் இருக்கும். ஒருநாளும் அறையைவிடக் குளிர்ச்சியாக ஆகாது.

பெரிய மிஷின்களின் கதை

இந்த யோசனை விளையாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றியதல்ல. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1980-ல் அறிவித்த '3081' என்ற பெரிய கம்ப்யூட்டரில் சில்லுகளின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஓடியது. பாங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வாங்கிய மிஷின் அது.

1985-ல் வந்த 'கிரே-2' இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் மின்சாரப் பலகைகளை அப்படியே ஒரு திரவத்துக்குள் மூழ்க வைத்துவிட்டார்கள்! அது தண்ணீர் அல்ல. மின்சாரம் கடத்தாத புளோரினெர்ட் என்னும் திரவம்.

அந்தக் காலத்தில் இந்தியா கிரே கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்டபோது அமெரிக்கா எளிதில் சம்மதிக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. வானிலை ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு டெல்லிக்கு ஒரு கிரே கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

அதனால்தான் 1988-ல் புனாவில் 'சி-டாக்' என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. "அவன் கொடுக்காவிட்டால் நாமே கட்டுவோம்" என்று இறங்கினார்கள். விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' பிறந்தது. ஒரே ஒரு பெரிய பிராசசரை நம்பாமல், பல சிறிய பிராசசர்களை இணைத்து அதைக் கட்டினார்கள். சிறியதைச் சேர்த்துச் சேர்த்துப் பெரியதை எழுப்பும் முறை.

2022-ல் அதே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 'பரம் பிரவேகா' நிறுவப்பட்டது. வினாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள் போடும் ஆற்றல் கொண்டது. அதன் பிராசசர்களைக் குளிர்விப்பது திரவம்தான்! மைசூரிலிருந்து சுமார் 140 கிலோ மீட்டரில், பெங்களூர் மல்லேசுவரத்துக்கு அருகில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தது எப்படி?

வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வந்தது 1990-களின் கடைசியில்.

1998-ல் இன்டெல் 'செலரான் 300 ஏ' என்ற மலிவு பிராசசரை விற்றது. அதன் வேகம் 300 மெகா ஹெர்ட்ஸ். கெட்டிக்காரர்கள் அதை 450-க்கு ஓட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். மலிவு விலைக்கு உயர்ந்த ரக வேகம்! ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடும் கூடும்.

அப்போது கம்ப்யூட்டருக்கென்று தண்ணீர்ச் சாமான்கள் கடையில் சுலபமாகக் கிடைக்காது. மேல்நாட்டு இளைஞர்கள் பழைய கார்களில் இருந்து ஹீட்டர் ரேடியேட்டரைக் கழற்றினார்கள். மீன் தொட்டிப் பம்பை வாங்கினார்கள். செம்புக் கட்டியைக் குடைந்து சில்லின் மேல் வைத்தார்கள். பிளாஸ்டிக் குழாயால் எல்லாவற்றையும் இணைத்தார்கள்.

அந்தப் பட்டறை வேலைதான் பிறகு ஒரு தொழிலாக வளர்ந்தது. 2009-க்குப் பிறகு தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி முத்திரையிட்ட செட்டுகள் பரவின. இதைக் கடைக்காரர்கள் 'ஏ.ஐ.ஓ.' என்கிறார்கள். வாங்கி, திருகாணி முடுக்கினால் போதும். தனித்தனிச் சாமானாக வாங்கித் தானே குழாய் போட்டுக் கட்டுவதற்கு 'கஸ்டம் லூப்' என்று பெயர்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கொட்டக்கூடாது.

அஸ்திவாரம் முதலில்

மைசூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிளஸ்-2 முடித்த பையன் கேட்கிறான்:

"அப்பா, எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்பா. தண்ணி கூலிங்கோட!"

"படிக்கிறதுக்கா, ஆடுறதுக்கா?"

"ரெண்டுக்கும்தாம்பா!"

அப்பா சீட்டு எடுக்கலாமா, பி.எப்.பில் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். இரண்டும் வேண்டாம். வேண்டியது இரண்டு மூன்று வருடத் திட்டம்.

முதல் கட்டத்தில் மூன்று சாமான்களைத் தரமாக வாங்க வேண்டும். அவை கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு. இந்த மூன்றும்தான் அஸ்திவாரம்.

கேபினெட் என்பது பெட்டி. பிற்காலத்தில் ரேடியேட்டர் வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். மேல்பக்கமோ முன்பக்கமோ மூன்று விசிறி நீள ரேடியேட்டர், அதாவது 360 மில்லி மீட்டர், பொருந்தினால் நல்லது. பளபளப்பான கண்ணாடியைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பக்கம் காற்று நுழைய வலை இருக்கிறதா என்பதே முக்கியம்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. கடைக்காரர்கள் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். பெட்டியோடு இனாமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பக்கூடாது. நல்ல கம்பெனிகள் இதற்குப் பல வருட உத்தரவாதம் தருகின்றன. இரண்டு மூன்று கம்ப்யூட்டருக்குக்கூட ஒரே எஸ்.எம்.பி.எஸ். உழைக்கும்.

மதர்போர்டு வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். "இதே போர்டில் நாளைக்கு இதைவிடப் பெரிய பிராசசர் போட முடியுமா?"

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனி 2017-ல் ரைசன் பிராசசர்களை 'ஏ.எம்.4' என்ற சாக்கெட்டில் கொண்டு வந்தது. அந்த வருடம் போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-ல் வந்த '5800 எக்ஸ் 3டி' என்ற வேகமான பிராசசரை அதே போர்டில் போட்டுக்கொள்ள முடிந்தது. போர்டின் பயாஸ் புரோகிராமை மட்டும் புதுப்பித்தால் போதும். ஐந்து வருடம் அஸ்திவாரம் மாறவில்லை! அதே கம்பெனி 2022-ல் 'ஏ.எம்.5' சாக்கெட்டுக்கு மாறியது. இன்டெல் கம்பெனி இதைவிடச் சீக்கிரமாகச் சாக்கெட்டை மாற்றும் வழக்கமுடையது. வாங்குமுன் இதை விசாரிக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் நடுத்தரப் பிராசசர் போதும். குளிர்விக்க 2 அல்லது 3 ஆயிரம் ரூபாய் விலையுள்ள காற்று விசிறி கூலர் போதும். கிராபிக்ஸ் வசதி உள்ளடங்கிய பிராசசராக வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுகூட இப்போது வேண்டாம். பையன் படிக்கலாம், புரோகிராம் எழுதிப் பழகலாம், சின்ன விளையாட்டுகளும் ஆடலாம்.

அடுத்தடுத்த கட்டம்

இரண்டாவது கட்டம், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான். பணத்தில் பெரும் பங்கு இதற்குத்தான் போக வேண்டும்.

பெரிய கார்டுதான் வேண்டும் என்பதில்லை. 'ஆர்.டி.எக்ஸ். 4060' கார்டு எடுத்துக்கொள்வது 115 வாட்தான். அதற்குத் தண்ணீர் தேவையே இல்லை. கார்டோடு வரும் விசிறியே தாராளம்.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் ஓடுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கம்ப்யூட்டர் நாணயத்தைத் தோண்டும் முறை மாறியது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்கினால் கண்ணெதிரே அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பில்லும் உத்தரவாதக் காலமும் மீதி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது கட்டம் ரேமும் பிராசசரும். இதில் விலை நிலவரம் பார்த்து நடக்க வேண்டும். 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை அறிவு மையங்கள் மெமரி சில்லுகளை மொத்தமாக அள்ளியதே காரணம். வெங்காய விலைபோல இந்த விலையும் ஏறும், இறங்கும். கட்டம் கட்டமாக வாங்குகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏறிய சாமானை ஒத்திப்போட்டு, இறங்கிய சாமானை வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது?

பெங்களூரில் டவுன்ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் உள்ள சதர் பத்ரப்பா ரோடு. "எஸ்.பி. ரோடு" என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். காலை ரெயிலில் போய் மாலை ரெயிலில் மைசூர் திரும்பிவிடலாம். ஊருக்குப் போகிறவர்களுக்குச் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது.

எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கக்கூடாது. "பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். பழுது வரும்போது அந்த மிச்சம் பறந்துவிடும். பெட்டிகளையும் பில்களையும் பரண் மேல் பத்திரமாக வைக்க வேண்டும்.

கடைசியில்தான் தண்ணீர்

நான்காவது கட்டம்தான் தண்ணீர். பெரிய பிராசசரும் பெரிய கார்டும் வந்த பிறகு, விசிறிகள் போடும் இரைச்சல் தாங்க முடியாமல் போன பிறகு, இதைப் பற்றி யோசிக்கலாம்.

கஸ்டம் லூப் போடுவதற்குச் சாமான்கள் ஆறு.

முதலாவது வாட்டர் பிளாக். சில்லின் மேல் உட்காரும் செம்புத் தகடு. உள்ளே மயிரிழை போன்ற வரிவரியான தடங்கள் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே ஓடிச் சூட்டை வாங்கும்.

இரண்டாவது பம்பு. மூன்றாவது ரிசர்வாயர் என்னும் சிறு தொட்டி. நான்காவது ரேடியேட்டர், அதன் விசிறிகளுடன். ஐந்தாவது குழாய். ஆறாவது குழாய்களை இணைக்கும் பிட்டிங்குகள்.

சுமாரான சாமான்கள் என்றாலும் 25 ஆயிரம், 30 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். நல்ல கம்பெனிச் சாமான்களுக்கு அதற்கும் மேலே. அதிலும் பிட்டிங்குகளின் விலை பலருக்கு அதிர்ச்சி தரும். ஒன்று சில நூறு ரூபாய்தானே என்று தோன்றும். பத்துப் பன்னிரண்டு வாங்கினால்தான் தெரியும்!

ரேடியேட்டர் எவ்வளவு பெரியது வேண்டும்? அனுபவசாலிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 100 வாட் சூட்டுக்கு ஒரு விசிறி நீளம், அதாவது 120 மில்லி மீட்டர். 300 வாட்டுக்கு மூன்று விசிறி. அதற்கு மேல் ஒன்று கூடுதலாக இருந்தால் விசிறிகள் மெதுவாகச் சுற்றும். சத்தம் குறையும்.

"தண்ணீர் முதலில் பிராசசருக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா?" என்று பெரிய விவாதமே நடக்கும். கணக்குப் போட்டால் விவாதம் தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, சூடு 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் தண்ணீர் நாலரை டிகிரிகூடச் சூடேறாது. ஆகவே எது முன், எது பின் என்பது பெரிய விஷயமல்ல. ஒன்றே ஒன்றுதான் கட்டாயம். தொட்டி பம்புக்கு முன்னால், அதற்கு மேலே இருக்க வேண்டும். பம்பு ஒரு நிமிடம்கூட வறண்டு ஓடக்கூடாது. ஓடினால் பம்பு போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் பிளாக் மாட்ட, கார்டின் சொந்த விசிறியைக் கழற்ற வேண்டும். இதனால் சில கம்பெனிகளின் உத்தரவாதம் போய்விடும். திருகாணியைத் தொடுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். பிளாக்கும் அந்தக் குறிப்பிட்ட கார்டுக்கே செய்தது. நாளை கார்டை மாற்றினால் பிளாக் உதவாது. பிராசசர் பிளாக், பம்பு, தொட்டி, ரேடியேட்டர் ஆகியவை பல வருடம் கூட வரும்.

ஆகவே புதிதாகக் கட்டுகிறவர் பிராசசருக்கு மட்டும் முதலில் தண்ணீர் போடட்டும். கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வளையும் குழாயே போதும். சூடேற்றி வளைக்கும் கெட்டிக் குழாய் அழகுக்குத்தான். குளிர்ச்சி இரண்டிலும் ஒன்றே.

கசிவுச் சோதனை

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே கம்ப்யூட்டரை ஓட்டலாமா? கூடவே கூடாது!

முதலில் காற்றுச் சோதனை. அளவுமானி பொருத்திய கைப்பம்பு ஒன்று இதற்கென்று கிடைக்கிறது. குழாய்களுக்குள் லேசாகக் காற்றை அடைத்துக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. மதர்போர்டு, கார்டு எதற்கும் மின்சாரம் போகாதபடி எல்லா ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும். பம்புக்கு மட்டும் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முனை இணைப்பில் பச்சை ஒயர் முனையையும் கறுப்பு ஒயர் முனையையும் இணைத்தால், கம்ப்யூட்டர் ஓடாமலே பம்பு ஓடும். ஒயர் எல்லாம் கறுப்பாக இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. ஆகவே இதற்கென்று விற்கும் சிறு பிளக்கை வாங்கிச் சொருகுவதே பத்திரம்.

இணைப்புகளுக்கு அடியில் எல்லாம் டிஷ்யூ காகிதத்தை வைக்க வேண்டும். ஒரு பகல் ஓர் இரவு பம்பை ஓட விட வேண்டும். காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் நிறுத்தி, இறுக்கி, மறுபடி முதலில் இருந்து சோதிக்க வேண்டும். பெட்டியை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தால் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் தொட்டிக்கு வந்துவிடும்.

இந்த 24 மணி நேரப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. லட்ச ரூபாய்ச் சாமான்களைக் காப்பது இந்த ஒரு நாள் காத்திருப்புத்தான்.

எந்தத் தண்ணீர்?

குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது. கம்ப்யூட்டருக்கு ஆகாது!

மைசூர் ரெயில் மியூசியத்தில் நிற்கும் நீராவி என்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஓட்டியவர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரியும். உப்புத் தண்ணீர் பாய்லர் குழாய்களில் வெள்ளையாகக் காரை படிய வைத்துவிடும். காரை படிந்தால் சூடு கடக்காது. கம்ப்யூட்டர் பிளாக்கின் தடங்களோ மயிரிழை அகலம். அங்கே படிந்தால் அடைத்தே போகும்.

ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று வாங்கும்போது அதில் அமிலம் சேரவில்லை என்று பார்த்து வாங்க வேண்டும். பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க, அதற்குரிய மருந்தைக் கலக்க வேண்டும். இரண்டும் கலந்த தயார்த் திரவமும் கிடைக்கிறது.

பால்போல, முத்துப்போல மின்னும் கலர்த் திரவங்களும் விற்கிறார்கள். பார்க்க அழகு. நாளடைவில் அந்தப் பொடி பிளாக்கில் படியும். தினமும் ஓடும் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீர்ச் சுற்றில் சேரக்கூடாது. சேர்ந்தால் பாட்டரிபோல வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும். அதற்காகக் குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கரண்ட் பில்

வேறொரு செலவும் இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர் ஆடும்போது 500 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம் ஆடினால் 2 யூனிட். மாதம் 60 யூனிட்.

கர்நாடக அரசு 2023-ல் கிருஹ ஜோதி திட்டத்தைத் தொடங்கியது. அந்த வீட்டின் பழைய சராசரிக்கு மேல் கொஞ்சம் சேர்த்து ஓர் இலவச அளவு நிர்ணயித்தார்கள். அதைத் தாண்டிய யூனிட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். மாதம் 200 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முழு பில்லையும் கட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். மாதம் 60 யூனிட் கூடினால் சலுகை கைநழுவக்கூடும். மீட்டரைப் பார்த்து ஆட வேண்டும்.

வாடகை வீடுகளில் இன்னொரு குறை உண்டு. மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் இருக்காது! கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்காமல் தண்ணீர்க் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது.

தேவையா?

இவ்வளவும் கேட்ட தகப்பனார் கேட்பார், "இது தேவைதானா?"

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் தேவையில்லை. 115 வாட் கார்டுக்கும் 65 வாட் பிராசசருக்கும் நல்ல விசிறி போதும். தண்ணீருக்குக் கொடுக்கும் 30 ஆயிரத்தைக் கிராபிக்ஸ் கார்டில் சேர்த்துப் போட்டால் விளையாட்டு அதிக வேகமாக ஓடும். தண்ணீர் தருவது அமைதியும் குளிர்ச்சியும் அழகும். வேகம் கொஞ்சம்தான்.

அதனால்தான் அதைக் கடைசிக் கட்டத்தில் வைக்க வேண்டும். முதல் மூன்று கட்டம் முடியும்போது பையனுக்கே கணக்குத் தெரிந்துவிடும். தேவையில்லை என்று அவனே சொன்னாலும் சொல்வான். தேவை என்றால், அதுவரை வாங்கிய பெட்டியும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் அப்படியே பயன்படும்.

இன்னொரு பயமும் பெற்றோருக்கு உண்டு. "கேம்" என்றாலே ரம்மி, சூதாட்டம் என்று நினைக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் வேறு. அதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025-ல் நிறைவேறியது. பந்தயம் இல்லாத வீடியோ விளையாட்டு வேறு. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வீடியோ விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் பையன் எதை ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு எந்தச் சட்டத்தாலும் பெற்றோரை விட்டுப் போகாது.

திருகாணியைப் பிடித்துச் சாமான்களைத் தானே இணைத்த பையனுக்கு மின்சாரத்தின் வாட் தெரியும். சூட்டின் கணக்குத் தெரியும். எர்த் தெரியும். பில் வாங்கத் தெரியும். விலையைப் பேசவும், ஏறிய சாமானுக்குக் காத்திருக்கவும் தெரியும். கடையில் முழுசாக வாங்கிய பெட்டி இதில் ஒன்றையும் கற்றுக்கொடுக்காது.

மகன் கம்ப்யூட்டர் கேட்டால், "லட்ச ரூபாயா!" என்று அதட்டி அனுப்ப வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். நான்கு கட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையையும் மாதத்தையும் போடச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு இருக்கட்டும். தண்ணீர் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.